காண்போரும் காட்சியும்
இலண்டன் ரேற் மொடேண் கலைக்கூடம் பற்றியதோர் ஆய்வு

ஆக்கியோன், ஆக்கப்பட்ட பொருள், அதனைத் துய்ப்போன் எனக் கலையை மூன்றாகப் பகுத்து நோக்குவது அறிஞர் மரபு. முதலிரண்டையும் பற்றித் தமிழில் எழுந்த ஆராய்ச்சிகள் பல. மூன்றாமவனாகிய துய்ப்போனைப் பற்றி, சிறப்பாக ஓவியமும் சிற்பமும் காணச் செல்லும் பொதுமகனைப் பற்றி, எழுந்தவை மிகச் சில. இசைக்கும் கூத்துக்கும் சுவைஞன் ஒருவன் வேண்டும் என ஒப்புக்கொள்ளும் உலகம், கலைக்கூடத்துட் புகுந்து சுவரிலே தொங்குவதையும் தரையிலே கிடப்பதையும் பார்த்துவிட்டு வெளியேறுவானை எண்ணிக்கையிலே சேர்த்துவிட்டு அமைகின்றது. அவன் என்ன கண்டான், எதனைக் காணாது விட்டான், கண்டதனால் அவனுக்கு யாது நிகழ்ந்தது என்பன வினாவப்படுவதில்லை. இக்காலக் கலையைக் காட்சிக்கு வைக்கும் கூடங்களிலோ இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. ஏனெனில் ஆங்கே காண்போன் படைப்பின் புறத்தே நிற்பவன் அல்லன். பலகாலும் அதன் உறுப்பாகவே ஆக்கப்படுகின்றான். இம்மாற்றம் ஊதியமா இழப்பா என்பதை ஆராய்தற்குத் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள ரேற் மொடேண் கலைக்கூடத்தினும் ஏற்றதோர் இடம் கிடைத்தல் அரிது.

இக்கூடம் முதலிலே கலைக்கென எழுந்ததன்று. சேர் ஜைல்ஸ் கில்பேட் ஸ்கொட் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த திட்டப்படி 1947 ஆம் ஆண்டிற்கும் 1963 ஆம் ஆண்டிற்கும் இடையே இரு கட்டங்களாகக் கட்டப்பட்ட மின்னுற்பத்தி நிலையம் அது. எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கிய அந்நிலையம் 1981 இல் மூடப்பட்டது. சுவிற்சலாந்தைச் சேர்ந்த ஹேர்சொக், டி மியூரொன் என்னும் இருவரும் அதனை இடித்தொழிக்காது, செங்கற் சுவர்களையும் 99 மீற்றர் உயர்ந்த புகைபோக்கியையும் அவ்வாறே நிற்கவிட்டு, உள்ளிடத்தை மாத்திரம் மாற்றியமைத்தனர். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நிலையான தொகுப்பைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. முதலாண்டிலேயே 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வந்தனர். இது திறந்தோர் எதிர்பார்த்ததன் இருமடங்கினும் மிக்க தொகை.

மேற்கு வாயிலாற் புகுவோன் முதலிற் காண்பது ஓவியம் எதனையும் அன்று. கீழ்நோக்கிச் சரிந்து செல்லும் அகன்ற கொங்கிறீற்றுப் பாதை ஒன்றையும், அதன்பின் விரியும் வெற்றிடத்தையுமே. முன்னாளில் மின்பிறப்பிக்கும் சுழலிகள் நின்ற மண்டபம் அது. நீளம் 155 மீற்றர். அகலம் 23 மீற்றர். உயரம் 35 மீற்றர். ஈழத்திலே அரும்பொருட்சாலையை 'நூதனசாலை' என வழங்கும் வழக்கு உண்டு. முன்னோர் விட்டுச்சென்ற கல்லையும் செம்பையும் வைத்துக் காக்கும் இடத்திற்கு 'நூதனம்' என்னும் அடைமொழி எங்ஙனம் பொருந்தியது என்பது வேறு ஆராய்ச்சி. ஆயினும் அப்பெயர் உலகில் எங்காயினும் முழுவதும் பொருந்துமாயின், அது இச்சுழலி மண்டபத்திற்கே பொருந்தும். ஆண்டுதோறும் ஒருவரிடம் அம்மண்டபம் முழுவதும் ஒப்படைக்கப்படும். அவர் அதற்கெனவே ஆக்குவதைச் சில மாதங்கள் மக்கள் காண்பர். பின்பு அது அகற்றப்படும்.

இத்தகைய கூடத்தை ஆனந்தக் குமாரசுவாமி கண்டிருப்பாராயின் யாது கூறியிருப்பார் என்னும் வினா ஈண்டு இயல்பாகவே எழுகின்றது. 1877 இற் கொழும்பிலே பிறந்து, 1917 முதல் 1947 இல் இறக்கும்வரை அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலைச்சாலையிற் பணியாற்றிய அப்பெரியார், கலைப்படைப்புக்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட நூலொன்றை 1943 இல் வெளியிட்டார். தாம் ஊதியம் பெற்ற தொழிலின் அடிப்படையையே வினாவிய அறிஞர் அவர். அவருடைய கருத்தைச் சுருங்கக் கூறின்: அரும்பொருட்சாலையில் உள்ளவை அங்கு வைக்கப்படுவதற்கென ஆக்கப்பட்டவை அல்ல; வழிபாட்டிற்கும் வாழ்க்கைக்கும் பயன்படுமாறு ஆக்கப்பட்டவை. பயனிலிருந்து பிரிக்கப்பட்ட அவற்றை வைத்துக் காண்போரை மகிழ்விப்பது சாலையின் கடமையன்று. அவை எதற்காக ஆக்கப்பட்டன என்பதை அறிவிப்பதே கடமை. உயிரோடிருக்கும் கலைஞரின் படைப்புக்கள் அழியும் நிலையில் இல்லையாதலின், அவற்றைச் சாலையில் வைக்க வேண்டுவதில்லை. வைப்பின், ஊதியமில்லாது கலை வணிகரின் வேலையைச் செய்வதாகவே முடியும்.

இக்கூற்றின் இறுதிப் பகுதி இன்றும் கூர்மை குன்றாதது. சுழலி மண்டபத்திற் படைப்புக்கள் எழுவதற்கு 2000 முதல் 2012 வரை பொருளுதவியது சவர்க்காரமும் உணவுப்பொருளும் விற்கும் யூனிலீவர் நிறுவனம். 2015 முதல் உதவுவது மோட்டார் வண்டி செய்யும் ஹியுண்டாய் நிறுவனம். படைப்பின் பெயரைச் சொல்வோர் நிறுவனத்தின் பெயரையும் உடன்சொல்ல நேர்கின்றது. காண்போர் இதனை அறியாதவரும் அல்லர். எண்ணெய் நிறுவனமொன்றின் பொருளுதவியை எதிர்த்தோர் 2012 யூலையிற் காற்றாலையின் 16 மீற்றருக்கு மேற்பட்ட இறகொன்றைப் பகுதி பகுதியாகச் சுமந்துவந்து இம்மண்டபத்திலே பொருத்திவிட்டு, நாட்டுக்குக் கொடை என்றனர். கூடம் அக்கொடையை ஏற்கவில்லை. அந்நிறுவனத்துடனான தொடர்போ 2017 உடன் முடிவுற்றது.

ஆனால் அவர் கூற்றின் முற்பகுதி இம்மண்டபத்தின் முன் நிலைகுலைகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பயனிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் என்னும் குறை, அவ்விடத்திற்கெனவே ஆக்கப்பட்டு அவ்விடத்திலேயே முடிந்துபோகும் பொருளுக்கு எங்ஙனம் பொருந்தும்? திருவிழாவிற்கெனக் கட்டப்பட்டுத் திருவிழா முடிந்ததும் அவிழ்க்கப்படும் பந்தரும் சிகரமும் போல, சுழலி மண்டபத்துப் படைப்பு தன் இடத்திலேயே தன் பயனை நிறைவேற்றுகின்றது. எனவே வினா வேறு வடிவம் கொள்கின்றது. அப்பயன் யாது? வந்தோரை மகிழ்வித்து அனுப்புவதா, அன்றி வேறொன்றா?

மகிழ்வித்தலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக யாவரும் கூறுவது ஓலாவர் எலியாசன் 2003 ஒக்ரோபர் முதல் 2004 மார்ச் வரை அமைத்த 'வானிலைத் திட்டம்' என்னும் படைப்பு. மண்டபத்தின் கீழைக்கோடியில் ஏறத்தாழ 200 விளக்குக்களால் ஓர் அரைவட்டம். கூரை முழுவதும் கண்ணாடி. கண்ணாடியில் விழும் நிழலுருவோடு சேர்ந்து அரைவட்டம் முழுவட்டமாகி மாலைச் சூரியனெனத் தோன்றும். மென்மையான புகார் மண்டபத்தை நிறைத்தது. ஒற்றை அலைநீளமுடைய ஒளியாதலின் மஞ்சளும் கருமையுமன்றிப் பிற நிறங்கள் மறைந்தன. வந்தோரின் செந்நிற உடையும் நீல உடையும் ஒரு நிறமாயின. குளிர்கால இலண்டனில், வெளியே மூன்றரை மணிக்கே இருள் தொடங்கும் நாட்களில், உள்ளே மறையாத சூரியன். ஏறத்தாழ 20 இலட்சம் பேர் வந்து கண்டனர்.

வந்தோர் செய்தது கலைஞரும் எதிர்பாராதது. அவர்கள் நின்று பார்க்கவில்லை. தரையிலே மல்லாந்து கிடந்தனர். தலைக்குமேல் நெடுந்தொலைவிற் சிற்றெறும்புபோற் கண்ணாடியிலே தோன்றும் தம் உருவைத் தேடிக் கண்டுபிடித்தற்குக் கையையும் காலையும் அசைத்தனர். முன்பின் அறியாதோர் ஒருவரோடொருவர் சேர்ந்து உடல்களாலே வட்டமும் விண்மீனும் எழுத்தும் அமைத்தனர். 2003 நவம்பரில் அமெரிக்க சனாதிபதி புஷ் அந்நகருக்கு வந்திருந்தபோது, அவரைத் திரும்பிப் போகுமாறு கூறும் வாசகத்தையும் அவ்வாறே அமைத்தனர். ஆங்கிலேயர் பொதுவிடத்தில் முன்பின் அறியாதாரோடு பேசுதற்கும் தயங்குவர் என்பர். அத்தயக்கத்தை ஒரு விளக்கும் கண்ணாடியும் நீக்கின என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் ஒன்று வினாவத்தக்கது. மல்லாந்து கிடந்தோர் கண்டது சூரியனையா, தம்மையா? கண்ணாடியிலே தம்மைத் தேடிய அவ்வின்பம், பின்வந்த ஆண்டுகளிலே கைத்தொலைபேசி எல்லார் கையிலும் புகுந்தபின், வேறு வடிவம் பெற்றது. அதே கூடத்தில் 2021 முதல் 2024 வரை யாயோய் குசாமாவின் முடிவிலிக் கண்ணாடி அறைகள் காட்டப்பட்டபோது, சிலர் சிலராகச் சில நிமிடங்களுக்கே உட்செல்ல விடப்பட்டோர், அந்நிமிடங்களிற் பெரும்பகுதியைத் தம்மைத் தாமே படமெடுப்பதிற் செலவிட்டதை எவரும் கண்டிருக்கலாம். எலியாசன் தாமே இவ்விடரை உணர்ந்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. மண்டபத்தின் கோடிவரை நடந்துசெல்வோன் விளக்குக்களின் பின்புறத்தையும் அவற்றைத் தாங்கும் சட்டங்களையும் கம்பிகளையும் காணுமாறு அவர் விட்டுவைத்தார். மயங்கினோன் மயக்கம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையும் அறிந்து செல்லல் வேண்டும் என்பது அவர் கருத்து. நாடகம் முடிந்தபின் வேடம் கலைப்பதைக் காட்டுவது போன்ற நேர்மை அது. எனினும் பெரும்பாலோர் நினைவில் நின்றது சூரியனேயன்றிக் கம்பிகள் அல்ல.

விளையாட்டு வகையைச் சேர்ந்த பிறவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2006 இற் கார்ஸ்டன் ஹொல்லர் ஐந்து சறுக்குக்களை அமைத்தார். அவற்றுள் உயர்ந்தது ஐந்தாம் தளத்திலிருந்து இறங்கியது. முதியோரும் குழந்தைகளும் கூவிக்கொண்டு சறுக்கினர். நன்று. ஆனால் இதற்கு முன்னோடியான நிகழ்ச்சி ஒன்று அறியத்தக்கது. 1971 இல், மில்பாங்கிலிருந்த பழைய ரேற் கூடத்தில், றொபேட் மொறிஸ் என்பார் ஏறவும் உருட்டவும் சமனிலை பார்க்கவும் ஏற்ற மரப்பொருள்களை அமைத்தபோது, மக்கள் காட்டிய ஆரவாரத்தால் அவை சிதைந்தன. சிலருக்குக் காயமும் நேர்ந்தது. ஐந்து நாட்களில் அக்காட்சி மூடப்பட்டது. அதே படைப்பு 2009 இற் சுழலி மண்டபத்தில் மீளவும் அமைக்கப்பட்டபோது உறுதியும் பாதுகாப்பும் மிக்க பொருள்கள் பயன்பட்டன. முப்பத்தெட்டு ஆண்டுகளில் மாறியது மரம் மாத்திரமன்று. காண்போனை விளையாட விடுதல் கூடத்தின் தொழில்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டுவிட்டது.

விளையாட்டு என்ற அளவில் இதனை இகழ்தல் பொருந்தாது. வடமொழி நாடக இலக்கணமாகிய தசரூபகம், சுவைஞன் பெறும் இன்பத்திற்குச் சிறார் விளையாடும் மண் யானையை உவமையாகக் கூறுகின்றது. மண் யானையில் இன்பம் இல்லை. விளையாடும் சிறுவனின் ஊக்கமே அவனுக்கு இன்பமாகின்றது. காண்போன் தன் உள்ளத்தின் முயற்சியாலேயே சுவையைப் பெறுகின்றான் என்னும் இக்கொள்கையைக் குமாரசுவாமியும் மேனாட்டார்க்கு எடுத்துரைத்தார். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், சறுக்குக்களின் குறை அவை விளையாட்டு என்பதன்று. அவற்றிற் சறுக்குவோனுக்கு முயற்சி யாதும் இல்லை என்பதே. நிலத்தின் ஈர்ப்பே எல்லாவற்றையும் செய்துவிடுகின்றது.

2010 ஒக்ரோபரிற் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் அமைத்த சூரியகாந்தி விதைகள் இவற்றினும் வேறானவை. மண்டபத் தரையிற் சாம்பல் நிறக் கடற்கரை போல விதைகள் பரப்பப்பட்டிருந்தன. தொலைவிலிருந்து நோக்குவோனுக்குச் சரளை. குனிந்து எடுப்போனுக்குச் சூரியகாந்தி விதை. பல்லிடை வைத்துப் பார்ப்போனுக்கே பீங்கான். பத்துக் கோடி விதைகள். அத்தனையும் ஒவ்வொன்றாகக் கையாற் கோடு தீட்டப்பெற்றவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பீங்கான் வனைதலிற் பெயர்பெற்ற ஜிங்டெசென் நகரத்தில் ஏறத்தாழ 1,600 தொழிலாளர் இரண்டாண்டுகளுக்கு மேல் உழைத்து அவற்றை ஆக்கினர். மாசேதுங்கைச் சூரியனாகவும் மக்களை அவரை நோக்கித் திரும்பும் சூரியகாந்திகளாகவும் காட்டிய காலம் ஒன்று சீனத்தில் இருந்தது. வறுமை மிக்க அக்காலத்திலே நண்பர் தம்முட் பகிர்ந்துண்ட எளிய உணவும் அவ்விதையே. இவ்விரண்டும் அப்படைப்பின் உட்பொருள்.

முதற் சில நாட்கள் மக்கள் அவ்விதைகளின்மேல் நடந்தனர், கிடந்தனர், கைநிறைய அள்ளி வழியவிட்டனர். நடக்கையில் எழுந்த ஓசையே பலரை ஈர்த்தது. பின்னர், பீங்கான்கள் உராய்வதால் எழும் தூசு நுரையீரலுக்குத் தீங்காகும் எனக் கண்டு கூடத்தார் கயிறு கட்டினர். கிழமை ஒன்று கழியுமுன் கடற்கரை காட்சிப்பொருளாயிற்று. பின்வந்தோர் விளிம்பில் நின்று நோக்கியே திரும்பினர். படைப்பு இறந்துவிட்டது என்று எழுதினோர் பலர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. கையில் எடுத்தாலன்றி அது பீங்கான் என்பதை அறிய வழியில்லை. ஒவ்வொரு விதையும் பிறிதொன்றினின்றும் வேறானது என்பதை அறியவும் வழியில்லை. கலைஞர் காண்போனுக்கு வைத்த வினாவின் விடை கயிற்றுக்கு அப்பாலே போய்விட்டது.

ஆனால் எழுதினோர் கவனியாத ஒன்று உண்டு. தூசினால் முதலில் இடருற்றிருக்கக் கூடியோர் யாவர்? ஐந்து நிமிடம் அதன்மேல் நடந்த இலண்டன் மக்களா, இரண்டாண்டுகள் அவற்றைச் சுட்டும் தீட்டியும் அள்ளியும் கொட்டியும் வேலைசெய்தோரா? கூடம் தன் வாயிலைக் கடந்து வந்தோரின் நலத்தைக் கருதிற்று; அது அதன் கடமை. அக்கடமையின் எல்லை வாயிலோடு நின்றது என்பதே கருதத்தக்கது. மண்டபத்தின் ஒருபுறத்தில், அத்தொழிலாளர் வேலைசெய்வதைக் காட்டும் படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே நடத்தல் தடுக்கப்பட்டபின்னர் அப்படத்தின்முன் நிற்பதன்றி வேறு செயல் இல்லாது போயிற்று. நடக்க இயன்ற நாட்களில் அதனைக் கடந்து விதைகளை நோக்கி ஓடியோர் பலராதல் வேண்டும். எனவே கயிறு ஓரின்பத்தைப் பறித்து ஓரறிவை முன்னே நிறுத்திற்று எனல் மிகையன்று. 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் எழுதிக் கைவினைஞரின் மாண்பை நிலைநாட்டிய குமாரசுவாமிக்கு, 1,600 பேர் ஆக்கியது ஒருவர் பெயரால் வழங்குவது வியப்பை அளித்திராது, வருத்தத்தை அளித்திருக்கும். 2011 ஏப்பிரலில் ஐ வெய்வெய் சீன அரசாற் சிறைப்பிடிக்கப்பட்டு 81 நாட்கள் வைக்கப்பட்டபோது, விதைகள் இன்னும் அம்மண்டபத்திலேயே கிடந்தன. அந்நாட்களில் அங்கு வந்தோர் கண்ட சாம்பல் நிறம் ஒக்ரோபரிற் கண்ட சாம்பல் நிறமன்று.

மண்டபத்தை விட்டு மேற்றளங்களுக்குச் செல்வோனது அனுபவம் வேறு. திறக்கப்பட்ட நாளில் இக்கூடம் ஓவியங்களைக் கால வரிசையிலன்றிப் பொருள் வரிசையில் அமைத்தது. கிளோட் மொனேயின் அல்லிக்குளத்திற்கு அருகே றிச்சட் லோங் ஆற்றுச் சேற்றினாற் சுவரில் ஆக்கிய படைப்பு நின்றது. கற்றோர்க்கு அது புதுவிருந்து. கல்லாதார்க்கு, எது முந்தியது எது பிந்தியது என்னும் ஊன்றுகோலும் பறிபோயிற்று. கார்ல் அன்ட்றே 120 செங்கற்களை இரண்டு அடுக்காக நீள்சதுரமாய் அடுக்கிய படைப்பை ரேற் கூடத்தார் 1972 இல் வாங்கினர். 1976 இற் செய்தித்தாள்கள் அதனை எள்ளி நகையாடின. அந்நகைப்பு இன்னும் முற்றாக ஓயவில்லை. செங்கல்லின் முன் நிற்கும் எளியோன் 'இதனை யானும் செய்வேனே' என்று கூறும்போது, அவனை அறிவிலி எனத் தள்ளுதல் எளிது. அவன் கூற்றில் நியாயமானதொரு வினா அடங்கியுள்ளது. அதற்கு விடையிறுக்க வேண்டிய விளக்கச் சீட்டோ பலகாலும் அவன் அறியாத சொற்களை அடுக்கி, செங்கல்லினும் கடினமாய் நிற்கின்றது.

மார்க் றொத்கோவின் அறை ஒன்றே இவ்விடர் யாதுமின்றி வந்தோரைத் தன்வயப்படுத்துகின்றது எனலாம். நியூயோர்க்கிலே செல்வர் உண்ணும் விடுதி ஒன்றிற்கெனத் தொடங்கி, பின்பு அவ்விடத்திற்குக் கொடுக்க மனமொவ்வாது ஓவியர் மீட்டுக்கொண்ட கருஞ்செந்நிற ஓவியங்கள் அவை. அவற்றுள் ஒன்பதை அவர் ரேற் கூடத்திற்கு வழங்கினார். 1970 பெப்ரவரி 25 இல் அவை இலண்டனை அடைந்த அன்றே அவர் உயிர் நீத்த செய்தியும் வந்தது. மங்கிய ஒளியில், இருக்கையில் அமர்ந்து, பேச்சடங்கி நோக்குவோரை அங்கே காணலாம். 2012 ஒக்ரோபரில் அவ்வோவியங்களுள் ஒன்றின்மேற் பார்வையாளன் ஒருவன் மையினாற் பெயரெழுதினான். அதனை நீக்க ஒன்றரை ஆண்டு சென்றது. 2014 மே மாதத்திலேயே அது சுவருக்கு மீண்டது. காண்போன் படைப்பிற் பங்குகொள்ளலாம் என்னும் கொள்கைக்கு எல்லை எங்கே என்பதை மண்டபத்துப் படைப்புக்களினும் இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டியது.

2016 இல் ஹேர்சொக், டி மியூரொன் இருவரே வகுத்த புதிய பத்துமாடிக் கட்டடம் பின்புறத்தில் எழுந்தது. அதன் உச்சித்தளத்தில் நகரின் நாற்புறத்தையும் நோக்குமாறு திறந்த நடைவெளி ஒன்று அமைந்தது. ஆண்டுதோறும் அதில் ஏறிய பல இலட்சம் பேருட் பலர் தேவாலயக் கோபுரத்தை நோக்குவதோடு அமையவில்லை, அருகேயிருந்த கண்ணாடிச் சுவர் வீடுகளுள் மக்கள் உண்பதையும் உறங்குவதையும் நோக்கினர், படமெடுத்தனர். வீட்டார் வழக்கிட்டனர். இரு நீதிமன்றங்களில் தோற்று, 2023 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலே வென்றனர். ஐந்து நீதியரசருள் மூவர் அவர்கள் பக்கம் நின்றனர். விலங்குக் காட்சிச்சாலையிற் காட்டப்படுவது போன்ற நிலை அது என்னும் பொருள்படத் தீர்ப்பு அமைந்தது. கலைக்கூடம் காணும் கலையைக் கற்பிக்கும் இடமென்றால், ஒன்பது தளங்களைக் கடந்து பத்தாவது தளத்தை அடைந்தோர் கற்றது யாது என்று வினாவுதல் கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் வினா நிற்கின்றது. எதனையும் காட்சியாகவே நோக்கும் பழக்கம் கூடத்தின் உள்ளே பிறந்து வெளியே பாய்ந்தது என்பதை மறுத்தல் அரிது.

இவ்வெல்லாவற்றினும் ஆழமான அனுபவத்தைத் தந்தது, தந்தும் பெரும்பாலோராற் பெறப்படாது போனது, கொலம்பிய நாட்டுக் கலைஞர் டொறிஸ் சல்செடோ 2007 ஒக்ரோபரிற் காட்டிய 'ஷிபொலெத்' என்பதே. மண்டபம் வெறுமையாக இருந்தது. தரையிலே ஒரு வெடிப்பு மாத்திரம். வாயிலருகே மயிரிழை அளவாய்த் தொடங்கி, அகன்றும் ஆழ்ந்தும் கிளைத்தும் மறுகோடிவரை சென்றது. 155 மீற்றர் நீண்ட மண்டபத்தில் வெடிப்பின் நீளம் 167 மீற்றர்; வளைந்து சென்றமையே காரணம். உள்ளே குனிந்து நோக்கினோன் வெடிப்பின் சுவர்களிலே கம்பிவலை பதிக்கப்பட்டிருத்தலைக் கண்டான். எல்லைகளில் இடும் வேலிவலை அது. ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்து வந்தோர் அங்கு நடத்தப்படும் வகையையும், இனவெறுப்பால் மனித குலத்திடையே விழுந்த பிளவையும் சுட்டியே சல்செடோ அதனை ஆக்கினார்.

வந்தோர் வினாவியவை இரண்டு. எவ்வளவு ஆழம்? இதனை எங்ஙனம் செய்தனர்? கலைஞரும் கூடத்தாரும் இரண்டாவதற்கு விடை கூறாது மறைத்தமையால் அவ்வினாவே எங்கும் பரந்தது. செய்தித்தாள்கள் அதனையே எழுதின. சிலர் கால் இடறிச் சிறு காயமுற்றனர், அதுவும் செய்தியாயிற்று. பிள்ளைகள் இருபுறமும் தாவி விளையாடினர். 'எங்ஙனம்' என்னும் வினா 'எதற்காக' என்னும் வினாவை விழுங்கிவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அரும்பொருட்சாலையில் ஒரு பொருளைக் காண்போன் முதலில் அறியவேண்டுவது அது எதற்காக ஆயிற்று என்பதே எனக் குமாரசுவாமி வற்புறுத்தியது இக்காலக் கலைக்கும் எவ்வளவு இன்றியமையாதது என்பது இங்கே புலனாகும். உயிருள்ள கலைஞரைச் சாலையுட் புகவிடாதே என்ற அவரது தடையைத் தள்ளிவிடலாம். இதனைத் தள்ளல் இயலாது.

விடை தலைப்பிலேயே இருந்தது. விவிலியத்திலே நியாயாதிபதிகள் நூல் கூறும் செய்தி அது. போரிலே தோற்று யோர்தான் ஆற்றைக் கடந்து ஓடிய எப்பிராயீமியரைத் துறையிலே மறித்த கீலேயாத்தியர், ஒவ்வொருவனையும் ஷிபொலெத் என்று சொல்லுமாறு பணித்தனர். எப்பிராயீமியர் நாவில் அம்முதலொலி வராது, சிபொலெத் என்பர். சொன்னவன் கொல்லப்பட்டான். ஒலியொன்றின் வேறுபாட்டால் இறந்தோர் 42,000 பேர் என்கிறது அந்நூல்.

இத்தலைப்பிற்கு விளக்கச் சீட்டு வேண்டாத நாட்டவர் உளர். 1983 யூலையில் இலங்கையின் தெற்கிலே தெருக்களில் மறிக்கப்பட்டோரை, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு பணித்து, சொல்லின் முதலிலே பகரத்தின் மெல்லொலி வாராது வகர ஒலி வந்தால் தமிழன் எனத் துணிந்தனர் என்பது அந்நாட்களைக் கடந்து வாழ்ந்தோர் கூறும் செய்தி. அத்தகையோருள் எத்தனையோ பேர் பின்னர் இலண்டனையே வாழிடமாகக் கொண்டனர். அவருள் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளைகளோடு அம்மண்டபத்திற் புகுந்து, வெடிப்பின் பெயரை வாசித்து, அதன் கதையையும் அறிந்திருப்பானாயின், அவன் பெற்ற அனுபவத்தையும் ஆழத்தை அளக்கக் கோல் தேடியவன் பெற்ற அனுபவத்தையும் ஒரே எண்ணிக்கையிற் சேர்த்தல் எங்ஙனம் தகும்? சுவைஞனைச் சகிருதயன், ஒத்த நெஞ்சுடையான், என்றனர் வடநூலார். நெஞ்சு ஒத்தல் பயிற்சியாலும் வரும். பட்ட துன்பத்தாலும் வரும். கூடம் தரக்கூடியது முன்னதையே. அதனைத் தாராது, வாயிலைத் திறந்துவிட்டதோடு தன் கடமை தீர்ந்ததெனக் கொள்ளுமாயின், வெடிப்பு வெறும் வெடிப்பாகவே நின்றுவிடும்.

2008 ஏப்பிரலிற் காட்சி முடிந்ததும் அவ்வெடிப்பை நிரப்பினர். நிரப்பிய கொங்கிறீற்று பழைய தரையோடு நிறம் ஒவ்வவில்லை. அத்தழும்பு இன்றும் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கிடக்கின்றது. அதற்குச் சீட்டும் இல்லை, கயிறும் இல்லை. ஆண்டுதோறும் வரும் புதிய படைப்பை அண்ணாந்து நோக்கியபடி அதனை மிதித்துச் செல்வோர் பலர். குனிந்து, அதன்வழியே சிறிது தூரம் நடந்து, இஃது என்னவென்று காவலாளரை வினாவுவோர் சிலர்.